தொடர் ஒருங்குமா, விரியுமா: எந்தச் சோதனையை முதலில் போடுவது?

முடிவிலித் தொடர் ஒன்றைக் கொடுத்து ஒருங்குமா (கூட்டுத்தொகை ஓர் எண்ணை நெருங்குமா) விரியுமா (நெருங்காதா) என்று கேட்டால், பெரும்பாலானோர் யோசிக்காமல் போடுவது விகிதச் சோதனையைத்தான். அடுத்த உறுப்பை முந்தைய உறுப்பால் வகுத்து எல்லையைப் பார்க்க வேண்டும். 1க்குக் கீழே வந்தால் ஒருங்கும், மேலே வந்தால் விரியும். கை பழகிவிட்டால் தானாகவே ஓடும் வேலை. ஆனால் பல கணக்குகளில் விடை சரியாக 1 என்று வந்து நிற்கும். 1 வந்தால் அந்தச் சோதனைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

என் பரிந்துரையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் கையிலெடுக்க வேண்டியது ஒப்பீடு. விகிதச் சோதனையைக் காரணீயப் பெருக்கமும் (5! = 1×2×3×4×5 போன்றவை) அடுக்குகளும் வரும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொகையீட்டுச் சோதனையைப் பலர் கடைசியில்தான் தேடுகிறார்கள். மற்றவை தராத ஒரு பலனை அது தருகிறது. குறி மாறும் தொடர் என்றால் முதல் கேள்வியே வேறு. ஏன் இந்த வரிசை என்பதற்கு, ஒருங்குதல் என்றால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1/2 + 1/4 + 1/8 + 1/16 + … என்று கூட்டிக்கொண்டே போனால் 0.5, 0.75, 0.875, 0.9375 என்று வரும். இவை பகுதிக் கூட்டுத்தொகைகள். 1ஐ எட்ட எவ்வளவு மீதி இருக்கிறதோ அதில் சரிபாதியைத்தான் ஒவ்வொரு உறுப்பும் நிரப்புகிறது. அதனால் 1ஐத் தாண்டவும் முடியாது, 1க்குக் குறைவான எந்த எண்ணிலும் நின்றுவிடவும் முடியாது. முடிவில்லாமல் கூட்டினால் முடிவிலிதான் வரும் என்ற நினைப்பு இந்த ஒரு தொடரிலேயே உடைந்துவிடுகிறது. பகுதிக் கூட்டுத்தொகைகள் ஓர் எல்லையை நெருங்கினால் தொடர் ஒருங்கும்; நெருங்காவிட்டால் விரியும்.

உறுப்புகள் எல்லாம் நேர்மமாக இருக்கும்போது கேள்வி இன்னும் எளிதாகிவிடும். கூட்டுத்தொகை ஏறிக்கொண்டே மட்டும்தான் இருக்கும், இறங்க வழியில்லை. ஆகவே அதற்கு மேலே ஏதாவது ஒரு வரம்பு இருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தால் ஒருங்கும், இல்லாவிட்டால் விரியும். மூன்றாவது வழி கிடையாது. நேர்ம உறுப்புகளுக்கான எல்லாச் சோதனைகளும் இந்த வரம்பைத் தேடும் வெவ்வேறு வழிகளே. அவற்றுக்குள் வித்தியாசம், எதை அளவுகோலாக எடுக்கின்றன என்பதில் இருக்கிறது.

சோதனையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சரிபார்ப்பு உண்டு: உறுப்புகள் பூச்சியத்தை நோக்கிப் போகின்றனவா? போகாவிட்டால் தொடர் விரியும், அத்தோடு வேலை முடிந்தது. போனால் இன்னும் எதுவும் தெரியவில்லை என்று பொருள். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அதற்கு மருந்து 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்னும் இசைத் தொடர். 1350 வாக்கில் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஓரெம் கண்ட நிறுவலை ஒருமுறை கையால் எழுதிப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. 1/3 + 1/4 என்பது 1/4 + 1/4ஐ விடப் பெரியது, அதாவது அரைக்கு மேல். அடுத்த நான்கு உறுப்புகள், 1/5 முதல் 1/8 வரை, ஒவ்வொன்றும் 1/8க்குக் குறையாதவை. மொத்தம் மறுபடியும் அரைக்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே, அடுத்த பதினாறும் அப்படியே. அரை அரையாக முடிவில்லாமல் கூடிக்கொண்டே போகும் ஒன்றுக்கு வரம்பு எங்கிருந்து வரும்?

இந்தத் தொடரின் வேகத்தையும் பார்க்க வேண்டும். 10ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் தேவை. முதல் பத்து லட்சம் உறுப்புகளின் கூட்டுத்தொகை வெறும் 14.39. 20ஐத் தாண்ட 27 கோடிக்கும் மேற்பட்ட உறுப்புகள் வேண்டும். கணினியில் ஓடவிட்டுப் பார்த்துத் தீர்மானித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் என் பதில். ஒற்றைத் துல்லிய மிதவைப் புள்ளி எண்களில் (சுமார் ஏழு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் கணினி எண்கள்) இதை வரிசையாகக் கூட்டினால் சுமார் 15.4இல் கூட்டுத்தொகை அசையாமல் நின்றுவிடும். அதற்குப் பிறகு வரும் உறுப்புகள் அவ்வளவு சிறியவை, முழுமையாக்கலில் காணாமல் போய்விடும். திரையைப் பார்ப்பவர் ‘ஒருங்கிவிட்டது’ என்றே முடிவு கட்டுவார். எண்களைக் கூட்டிப் பார்ப்பது சந்தேகத்தைக் கிளப்ப உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது.

இனி ஒப்பீடு: நம் தொடரின் உறுப்புகளை, முடிவு தெரிந்த வேறொரு தொடரின் உறுப்புகளோடு வைத்துப் பார்ப்பது. உறுப்பின் வரிசை எண்ணை ந என்று எழுதுவோம். 1/ந² என்னும் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள்: 1 + 1/4 + 1/9 + 1/16 + … இரண்டாவது உறுப்பிலிருந்து ஒவ்வொன்றும் 1/((ந−1)ந) என்பதைவிடச் சிறியது. இந்தப் பெரிய தொடரை 1/1 − 1/2, 1/2 − 1/3, 1/3 − 1/4 என்று பிரித்து எழுதினால் நடுவில் இருப்பவை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 1 மட்டும் மிஞ்சும். ஆகவே நம் தொடர் 1 + 1 = 2ஐத் தாண்டாது. வரம்பு கிடைத்துவிட்டது, ஒருங்குகிறது. இரண்டே வரி, எந்தச் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கூட்டுத்தொகை எவ்வளவு என்பது முற்றிலும் வேறு கேள்வி. இத்தாலியக் கணிதர் பியெத்ரோ மெங்கோலி 1650இல் அதைக் கேட்டார். விடை பை (π) என்னும் எண்ணின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 1.644934… என்று ஆய்லர் கண்டுபிடிக்க 1734 ஆகிவிட்டது. ஒருங்குகிறது என்று இரண்டு வரியில் காட்டிவிடலாம், மதிப்பைக் காண எண்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இரண்டு கேள்விகளையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ‘கூட்டுத்தொகையே தெரியாமல் ஒருங்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்’ என்ற தயக்கம் வருகிறது.

ஒப்பீட்டின் எல்லை வடிவம் இன்னும் வசதியானது. (3ந + 5)/(ந³ − 2ந + 7) போன்ற ஒன்றைப் பார்த்ததும் மேலே 3ந, கீழே ந³ ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். 3/ந² மிஞ்சுகிறது. இரண்டு தொடர்களின் உறுப்புகளை வகுத்துப் பார்த்தால் எல்லை 1 வரும். எல்லை பூச்சியமல்லாத முடிவுள்ள நேர்ம எண்ணாக இருக்கும் வரை இரண்டு தொடர்களுக்கும் ஒரே முடிவுதான்: சேர்ந்தே ஒருங்கும், அல்லது சேர்ந்தே விரியும். பல்லுறுப்புக் கோவைகளும் வர்க்கமூலங்களும் வரும் எந்தத் தொடருக்கும் இதுவே போதும்.

ஒப்பீட்டுக்கு ஒரு குறை உண்டு: எதோடு ஒப்பிடுவது என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். ஊகம் பிசகினால் சோதனை பேசாது. அவசர ஊகத்துக்கு நல்ல பாடம் 1/ந^(1+1/ந) என்னும் தொடர். அடுக்கு எப்போதும் 1க்கு மேல் இருக்கிறது, 1/ந² போல ந-இன் அடுக்கு 1க்கு மேல் என்றால் ஒருங்கும் என்று படித்திருக்கிறோம், ஆகவே ஒருங்கும் என்று பலர் எழுதிவிடுவார்கள். அந்த விதி மாறாத ஒரே அடுக்குக்குச் சொன்னது. இங்கே அடுக்கு 1ஐ நோக்கிச் சரிந்துகொண்டே போகிறது. ந-இன் ந-ஆம் மூலம் 1ஐ நெருங்குவதால், இந்த உறுப்பை 1/ந-ஆல் வகுத்தால் எல்லை 1. இசைத் தொடர் விரிகிறது, ஆகவே இதுவும் விரியும்.

ஊகிக்கத் தேவையில்லை என்பதே விகிதச் சோதனையின் கவர்ச்சி. ஆனால் அதற்குள்ளும் ஓர் ஒப்பீடுதான் ஒளிந்திருக்கிறது. அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் 1க்குக் குறைவான ஓர் எண்ணை நெருங்கினால், ஓரிடத்துக்குப் பிறகு நம் தொடர் ஒரு பெருக்குத் தொடருக்கு (1/2 + 1/4 + 1/8 + … போல, முந்தைய உறுப்பை ஒரே எண்ணால் பெருக்கிக்கொண்டே போவது) கீழே அடங்கிவிடுகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. பெருக்குத் தொடரே அதன் ஒரே அளவுகோல் என்பதால், அதைவிட மெதுவாகக் குறையும் எதையும் அதனால் பிரித்தறிய முடியாது. 1/ந-க்கு எல்லை 1, அது விரிகிறது. 1/ந²-க்கும் 1, அது ஒருங்குகிறது. 1/ந¹⁰⁰ என்றால் இரண்டாவது உறுப்பே ஒன்றுக்குப் பின் முப்பது பூச்சியங்களால் வகுத்தது போலச் சிறுத்துவிடும், அதற்கும் 1தான். இத்தனை கண்ணுக்குத் தெரிந்த வேறுபாட்டைக்கூடப் பார்க்காத சோதனையை எல்லா இடத்திலும் முதலில் போடுவது வீண் வேலை.

அது பொருந்தும் இடத்தில் வேறு எதுவும் பக்கத்தில் வர முடியாது. ந-ஐ ஒன்று கூட்டினால் உறுப்பு ஒரு பெருக்கலால் மாறுகிறதா என்று பாருங்கள். காரணீயப் பெருக்கம், நிலையான எண்ணின் ந-ஆம் அடுக்கு இரண்டும் அப்படி மாறும். 2-இன் ந-ஆம் அடுக்கை ந!-ஆல் வகுத்த தொடரில் விகிதம் 2/(ந+1), அது பூச்சியத்துக்குப் போகிறது. ந!-ஐ ந-இன் ந-ஆம் அடுக்கால் வகுத்தால் விகிதத்தின் எல்லை சுமார் 0.368. இவற்றை ஒப்பீட்டால் செய்யப் போனால் தேவையில்லாமல் கை வலிக்கும். இன்னொரு பலனும் உண்டு. 1 + 1/1! + 1/2! + 1/3! + … என்னும் தொடரை 1/10! வரை கூட்டி நிறுத்தினால், விட்டுப்போன வாலை ஒரு பெருக்குத் தொடரால் மூடிவிடலாம், பிழை 0.00000003க்குள் அடங்கும். வரும் விடை 2.7182818, ஏழு தசம இடங்களும் சரி. அடுக்குத் தொடர்களின் (x-இன் அடுக்குகள் வரும் தொடர்கள்) ஒருங்கல் ஆரம், அதாவது x எந்த அளவு வரை தொடர் ஒருங்கும் என்பதைக் காண்பதற்கும் இதையே போடுங்கள், வேறு யோசனை வேண்டாம்.

மூலச் சோதனையை வேகமாகக் கடந்துவிடலாம். உறுப்பின் ந-ஆம் மூலத்தை எடுத்து, அதன் எல்லை 1க்குக் கீழா மேலா என்று பார்ப்பது அது. பிரெஞ்சுக் கணிதர் கோஷி 1821இல் தந்தது. கோட்பாட்டில் விகிதச் சோதனையைவிட வலுவானது: விகிதம் தீர்த்துவைப்பதை எல்லாம் மூலமும் தீர்த்துவைக்கும். வலுவைக் காட்ட 1/2 + 1/3 + 1/4 + 1/9 + 1/8 + 1/27 + … போன்ற தொடரைச் சொல்வார்கள். இரண்டு பெருக்குத் தொடர்களைக் கலந்து வைத்தது என்பதைப் பார்த்தாலே கூட்டுத்தொகை 1 + 1/2 என்று சொல்லிவிடலாமே, சோதனையே எதற்கு? நடைமுறையில் இது தேவைப்படுவது உறுப்பு முழுவதும் ந-ஆம் அடுக்காகவோ ந²-ஆம் அடுக்காகவோ எழுதப்பட்டிருக்கும்போதுதான். (1 − 1/ந)-இன் ந²-ஆம் அடுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு; ந-ஆம் மூலம் எடுத்ததும் எல்லை சுமார் 0.368 என்று வந்து, ஒருங்கும் என்று முடிந்துவிடும்.

தொகையீட்டுச் சோதனையைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. உறுப்புகள் நேர்மமாகவும் இறங்குமுகமாகவும் இருந்து, அவற்றின் மேல் செல்லும் சார்பைத் தொகையிடவும் முடிந்தால், அந்தத் தொகையீடு முடிவுள்ளதா என்று பார்த்தாலே போதும். வளைவரையின் கீழும் மேலும் ஓரலகு அகலச் செவ்வகங்களை வரைந்து பாருங்கள், காரணம் கண்முன் தெரியும். செவ்வகங்களின் பரப்புகளே உறுப்புகள். அவை வளைவரையின் பரப்பை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கின்றன.

இந்த இரண்டு பக்கப் பிடிப்பே தனிப்பலன். 1/ந²-இன் முதல் பத்து உறுப்புகளைக் கையால் கூட்டினால் 1.549768. உண்மையான மதிப்புக்கும் இதற்கும் கிட்டத்தட்ட 0.095 இடைவெளி, பரிதாபமான தோராயம். ஆனால் விட்டுப்போன வால் 1/11க்கும் 1/10க்கும் இடையில் இருக்கிறது என்று தொகையீடு சொல்கிறது. ஆகவே முழுத்தொகை 1.640677க்கும் 1.649768க்கும் நடுவில். நடுப்புள்ளியை எடுத்தால் 1.645222, பிழை 0.0003க்கும் குறைவு. வெறுமனே கூட்டி இதே துல்லியத்தை எட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் வேண்டும். ஒருங்குமா என்று மட்டும் கேட்டால் ஒப்பீடு போதும். எவ்வளவு என்றும் கேட்கப் போகிறீர்கள் என்றால் தொகையீட்டுக்கே முதலிடம் கொடுங்கள்.

மடக்கை வரும் தொடர்களில் இதற்கு மாற்று அரிது. 1/(ந × மடக்கை ந) என்பதை 2லிருந்து தொடங்குவோம் (மடக்கை என்பது இங்கே இயல் மடக்கை). தொகையீடு செய்தால் மடக்கையின் மடக்கை வரும். அது முடிவிலிக்குத்தான் போகிறது, ஆகவே தொடர் விரியும். எவ்வளவு மெதுவாக என்றால், 10¹⁰⁰ உறுப்புகளைக் கூட்டினாலும் 7ஐ எட்டாது. மடக்கையை வர்க்கமாக்கினால் மட்டும் தொடர் ஒருங்கிவிடுகிறது. இந்த இரண்டையும் விகிதச் சோதனையோ மூலச் சோதனையோ பிரித்துச் சொல்லாது. தொகையிட வராத சார்பு என்றால் கோஷியின் ஒடுக்கச் சோதனை இருக்கிறது: 1, 2, 4, 8, 16 என்ற இடங்களில் உள்ள உறுப்புகளை மட்டும் எடுத்து, அந்தந்த இட எண்ணால் பெருக்கிக் கூட்டிப் பார்க்கலாம். ஓரெம் இசைத் தொடரைக் கட்டுக்கட்டாகப் பிரித்தாரே, அதே யோசனையின் பொதுவடிவம் இது.

இதுவரை சொன்னவை நேர்ம உறுப்புகளுக்கு. குறி மாறி மாறி வரும் தொடர் கையில் வந்தால் முதலில் குறிகளை எல்லாம் நீக்கிவிட்டு, மேலே சொன்ன வழிகளில் பாருங்கள். அப்படியும் ஒருங்கினால் அது அறுதி ஒருங்கல், கவலையே வேண்டாம். ஒருங்காவிட்டால்தான் லைப்னிட்ஸ் சோதனை. குறி ஒன்றுவிட்டு ஒன்று மாற வேண்டும், குறியில்லாத அளவு இறங்கிக்கொண்டே வர வேண்டும், பூச்சியத்துக்குப் போக வேண்டும். நடு நிபந்தனையைச் சரிபார்க்காமல் விடுவது வழக்கமாகிவிட்டது. 1 − 1 + 1/2 − 1/4 + 1/3 − 1/9 + 1/4 − 1/16 + … என்ற தொடரைப் பாருங்கள். குறி மாறுகிறது, உறுப்புகள் பூச்சியத்துக்குப் போகின்றன. ஆனால் கூட்டல் பக்கம் இசைத் தொடர், கழித்தல் பக்கம் 1/ந². வரம்புள்ள ஒன்றைக் கழித்து வரம்பில்லாத ஒன்றை அடக்க முடியாது, விரிந்துவிடும்.

இந்தச் சோதனையும் பிழையைச் சொல்லும்: நிறுத்திய இடத்துக்கு அடுத்த உறுப்பைவிடப் பிழை பெரிதாகாது. ஒருங்குகிறது என்பதால் கணக்கிடவும் ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது. 4 − 4/3 + 4/5 − 4/7 + … என்னும் தொடர் பைக்கு ஒருங்கும். கேரளக் கணிதர் சங்கமகிராம மாதவன் (சுமார் 1340–1425) கண்டது, ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் பெயரில் அறியப்பட்டது. ஆயிரம் உறுப்புகள் கூட்டினாலும் 3.14059 வரைதான் வரும். மாதவன் மரபினர் இங்கே செய்த வேலை எனக்குப் பெரு வியப்பு. தொடரை நிறுத்தும் இடத்தில் ஒரு திருத்த உறுப்பைச் சேர்த்தார்கள். பத்து உறுப்புகளோடு நிறுத்தினால் 3.0418396. அதோடு 40/401 என்னும் திருத்தத்தைக் கூட்டினால் 3.1415902. ஐந்து தசம இடங்கள் சரியாக வந்துவிடுகின்றன. ஒருங்குகிறது என்று அறிந்ததோடு நில்லாமல், எவ்வளவு மெதுவாக ஒருங்குகிறது, மீதி எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

அறுதி ஒருங்கலா, நிபந்தனை ஒருங்கலா (குறிகள் இருந்தால் மட்டும் ஒருங்குவது) என்று பிரித்துப் பார்ப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. 1 − 1/2 + 1/3 − 1/4 + … என்பதன் மதிப்பு 2-இன் இயல் மடக்கை, 0.6931… இதே உறுப்புகளை ஒன்றுகூட விடாமல், ஒரு கூட்டல் இரண்டு கழித்தல் என்ற வரிசையில் அடுக்குவோம்: 1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 + … கூட்டலையும் அதை அடுத்த கழித்தலையும் சேர்த்தால் 1/2 − 1/4 + 1/6 − 1/8 + … வரும். அது முதல் தொடரில் சரிபாதி! உறுப்புகள் அவையே, வரிசை மட்டும் வேறு, கூட்டுத்தொகை 0.3466 ஆகிவிட்டது. நிபந்தனையோடு ஒருங்கும் தொடரை இடம்மாற்றி எந்த எண்ணுக்கும் ஒருங்கவைக்கலாம் என்று ரீமன் நிறுவினார். ஆகவே உறுப்புகளை இடம்மாற்றியோ, வேறொரு தொடரோடு பெருக்கியோ வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் லைப்னிட்ஸ் சோதனையின் ‘ஒருங்கும்’ போதாது. அறுதி ஒருங்கலைக் காட்டியே ஆக வேண்டும்.

எல்லாத் தொடரையும் தீர்க்கும் ஒரே சோதனை இருந்தால் இந்தத் தேர்வே தேவைப்படாதே என்று கேட்கலாம். 1/ந-ஐவிட மெதுவாக விரியும் 1/(ந × மடக்கை ந)-ஐப் பார்த்தோம். இவற்றுக்கும் ஒருங்குபவற்றுக்கும் நடுவே எங்கோ ஒரு கோடு இருக்கும், அதைப் பிடித்துவிட்டால் போதும் என்று தோன்றும். அப்படி ஒரு கோடு இல்லை. விரியும் நேர்மத் தொடர் எதையும் எடுத்து, ஒவ்வோர் உறுப்பையும் அதுவரையிலான பகுதிக் கூட்டுத்தொகையால் வகுத்தால், உறுப்புகள் இன்னும் சிறியதாகிவிடும், ஆனாலும் தொடர் விரியவே செய்யும். விரிபவற்றில் மிக மெதுவானது என்று எதையும் காட்ட முடியாது. உறுப்பை ஒரு குறிப்பிட்ட சார்பால் பெருக்கி எல்லை பூச்சியமா என்று பார்த்தே எல்லாவற்றையும் முடிவு செய்யும் சோதனை கிடையாது என்று நார்வே கணிதர் ஏபெல் 1828இல் காட்டினார்.

சோதனைகள் அனைத்தும் கைவிடும் தொடர் ஒன்றும் இருக்கிறது: 1/(ந³ × சைன்² ந), கோணம் ரேடியனில். 1/ந³ வேகமாக ஒருங்கும், ஆகவே இதுவும் ஒருங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் ந பையின் மடங்கு ஒன்றுக்கு மிக அருகில் வரும்போது சைன் பூச்சியத்தைத் தொட்டுவிடும் அளவுக்குச் சிறுத்து, அந்த ஒரு உறுப்பு பெருத்துவிடும். பைக்கு 355/113 மிக நெருக்கமான பின்னம். ஆகவே 355ஆம் உறுப்பு வரும்போது, அதுவரை 5ஐக்கூட எட்டாத கூட்டுத்தொகையில் ஒரே தாவலாகச் சுமார் 24.6 சேர்கிறது. உறுப்புகள் இறங்குமுகமாக இல்லாததால் தொகையீடும் ஒடுக்கமும் பயன்படாது, விகிதம் கண்டபடி தாவும், ஒப்பிட ஏற்ற தொடரும் கையில் இல்லை. இப்படிப்பட்ட தாவல்கள் எவ்வளவு பெரியவையாக, எவ்வளவு அடிக்கடி வரும் என்பது பையைப் பின்னங்களால் எவ்வளவு நெருங்க முடியும் என்பதைப் பொறுத்தது. அதை வேண்டிய அளவுக்கு இன்னும் யாரும் நிறுவவில்லை. இந்தத் தொடர் ஒருங்குமா என்ற கேள்வியும் திறந்தே இருக்கிறது.